மூன்றாவது குரல்

காதுக்குச் சாட்சி கிடையாது. கண் பார்த்ததை இன்னொருவர் பார்த்திருக்கலாம். காது கேட்டதை அந்தக் காது மட்டும்தான் அறியும். அது வாயைத் திறக்காதவரை யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

தேனி பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் அண்ணனின் பைக்கிலிருந்து இறங்கும்போது ஹேமாவதி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மாசியிலிருந்து நினைத்து நினைத்து வழவழப்பாகிப்போன நினைப்பு அது.

"என்ன பாப்பா, அங்கனயே நிக்கிற? வெயிலு மண்டையப் பொளக்குது. உள்ள போ," என்றான் தங்கப்பாண்டி.

கடைக்குள் ஸ்பீக்கர் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மாதா சப்பரத்துக்கும் மைக் செட் கட்டுகிற கிறிஸ்டோபரின் கடை. வருசம் முழுக்க ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே நின்று பழகியவன் என்பதால் எதிரில் இருப்பவரிடமும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசினான்.

"எதுக்குக்கா ஹெட்போனு? பாட்டுக்கா, வேலைக்கா?"

"வேலைக்கு. ஆளுக பேசுறதக் கேட்டு டைப் அடிக்கணும். வெளிச் சத்தம் உள்ள வரக்கூடாது."

"அப்ப க்ளோஸ்டு பேக்குதான். எம்புட்டுல பாக்குறீக?"

"ரொம்ப ஒசத்தியும் வேணாம், மட்டமாவும் வேணாம்," என்றான் தங்கப்பாண்டி. "நடுத்தரமா, நாலு வருசம் ஒழைக்கிற மாதிரி காட்டு."

"பொண்ணு பாக்கப் போறவுகளும் இதையேதாண்ணே சொல்றாக," என்று சிரித்த கிறிஸ்டோபர், எதிரில் இருந்தவனின் மழிக்காத தாடியையும் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் மடக்கிக்கொண்டான். "பழசு கொண்டாந்திருக்கீகளா? அளவு பாக்க ஆகும்."

ஹேமாவதி அதைக் கொண்டுவரவில்லை. கொண்டுவரக்கூடாது என்றுதான் பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டு வந்திருந்தாள். ஆனால் தங்கப்பாண்டி பைக்கில் தொங்கிய மஞ்சள் பையைத் திறந்து, வயரைச் சுருட்டிக் கட்டிய பழைய ஹெட்போனை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"மறந்துட்டு வந்துட்ட. நாந்தான் எடுத்தாந்தேன்."

கிறிஸ்டோபர் அதைத் திருப்பிப் பார்த்தான். காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலைபோல் துளைகள் இருந்தன.

"அட, இது ஓப்பன் பேக்குல்ல? எங்கக்கா பிடிச்சீக?"

"மதுரைல வேலை பாத்த ஆபீஸ்ல. வேணாம்னு கழிச்சுப் போட்டது."

"நல்ல சாமான்தான். ஆனா தனி ரூம்ல ஒக்காந்து கேக்குறவுகளுக்கு. பின்னாடி தொறந்து கெடக்கு பாருங்க. பக்கத்துல ஒருத்தர் தும்முனாக்கூடக் கேக்கும்."

கடையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"கேக்குமா?" என்றான் தங்கப்பாண்டி.

"போட்டுப் பாருங்கண்ணே."

அண்ணன் அதை வாங்கித் தலையில் மாட்டிக்கொள்வதை ஹேமாவதி பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலில் கறுத்த அந்தப் பெரிய முகத்துக்கு அது பொருந்தாமல், விளையாட்டுக்குப் போட்டதுபோல் இருந்தது. கிறிஸ்டோபர் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து, முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அண்ணே, நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது," என்றான் தங்கப்பாண்டி.

மெதுவாகக் கழற்றினான். வலைத் துளைகளைக் கட்டைவிரலால் தடவினான். தங்கச்சியைப் பார்க்கவில்லை.

"உள்ள சத்தம் ஓடுனா வெளிய கேக்காதுல்ல?" என்று கிறிஸ்டோபரைத்தான் கேட்டான்.

"நல்லா கூட்டி வச்சா கேக்காதுண்ணே."

"நான் கூட்டித்தான் வச்சிருந்தேன்," என்றாள் ஹேமாவதி.

யாரும் அவளைக் கேட்கவில்லை. தங்கப்பாண்டி மட்டும் தலையாட்டினான்.

*

முத்துலட்சுமி இறந்தது மாசியில், உச்சிப் பொழுதில்.

தங்கப்பாண்டியின் மனைவி. கல்யாணம் முறிந்து பெட்டியும் லேப்டாப்புமாக வந்து நின்ற ஹேமாவதிக்கு, திராட்சைப் பந்தலைப் பார்த்த முன்னறையை, வீட்டிலேயே காற்று வருகிற ஒரே அறையை, கேட்காமலே ஒழித்துக் கொடுத்தவள். "இங்கன இரு. யாரு என்ன கேப்பா?" என்றதோடு சரி. போனவன் கதையை ஒருநாளும் விசாரிக்கவில்லை. பந்தலுக்கு மயில்துத்தம் கரைத்துக் கரைத்து அவள் விரல்கள் எப்போதும் நீலம் பாரித்திருக்கும். மகன் இல்லாத வீட்டில், மகள் இல்லாத வீட்டில், பேச ஆளில்லாமல் கிடந்தவள். பந்தலுக்குள் நின்றுகொண்டு எதற்கெடுத்தாலும் கூப்பிடுவாள். அணில் குட்டி போட்டிருக்கிறது என்று. மேகம் சுருளி மலையில் இறங்கிவிட்டது என்று. பல நேரம் ஒன்றுமில்லாமலே.

உச்சிப் பொழுதில் மட்டும் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. அந்த நேரத்தில் பந்தலுக்குள் வேறு எதுவோ திரியும். அது ஆளின் குரலை வாங்கிக்கொண்டு பேரைச் சொல்லிக் கூப்பிடும். ஆனால் இரண்டு தடவைக்குமேல் அதற்குக் கூப்பிட வராது. "மூணாவது கூப்பிட்டாத்தான் மனுசக் குரல். அதுக்கு முன்னாடி என்னன்னு கேட்றாத," என்பாள். அதனால் மூன்று தடவை கூப்பிடுவாள். ஏத்தா ஹேமா. ஏத்தா ஹேமா. மூன்றாவதைச் சிரிப்போடு இழுப்பாள்.

அன்றைக்குக் கந்தகம் கலந்த பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தாள். காற்றில்லாத புழுக்கம். ஹேமாவதி ஹெட்போனில் யாரோ ஒரு பெண் மிளகாய் நாற்று பற்றிப் பேசியதைக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மதினி பத்துத் தடவையாவது கூப்பிட்டிருந்தாள். எரிச்சல் மண்டிக் கிடந்தது.

ஏத்தா ஹேமா.

கேட்டது.

ஏத்தா... ஹேமா.

அதுவும் கேட்டது. இழுவை வேறுமாதிரி இருந்தது. மூன்றாவது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். பேயென்று பயந்து அல்ல. மதினியின் கணக்கையே மதினிக்குச் சாக்காக்கிக்கொண்டு, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்துக்கொண்டு. மூன்றாவது வரவில்லை. நல்லவேளை, விட்டுவிட்டாள் என்று நினைத்தாள்.

அந்த 'நல்லவேளை'தான் இப்போது தொண்டையில் நிற்கிறது.

மருந்து நெடி ஏறிப் பந்தலுக்குள் விழுந்து கிடந்தவளைத் தங்கப்பாண்டி கம்பத்திலிருந்து வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அவனே சொன்னான். சொல்லிவிட்டு, "நீ அங்கனதானே இருந்த பாப்பா?" என்றான். குற்றஞ்சாட்டிக் கேட்கவில்லை. ஹேமாவதியின் கை தானாகக் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைத் தொட்டது.

"காதுல மாட்டியிருந்தேண்ணே. கேக்கல."

ஊரும் அதையே சொல்லிக்கொண்டது. பாவம், காதில் மாட்டியிருந்திருக்கிறது.

இப்போது ஆனி. கணவாய்க் காற்று இறங்கி, பந்தலும் தென்னையும் ஓயாமல் இரைந்ததில் அவள் அடித்துக் கொடுத்த பேச்சுகள் தப்பும் தவறுமாகக் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தன. மூடிய ஹெட்போன் வேண்டும் என்பதற்கு அது காரணம். அவள் மனசுக்கு மட்டும் தெரிந்த காரணம் வேறு. வெளிச் சத்தமே புகாத ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், சொன்ன பொய் மெல்ல மெல்ல உண்மையாகிவிடும் என்று எங்கோ ஒரு நம்பிக்கை.

*

கிறிஸ்டோபர் மூன்று ஹெட்போன்களை எடுத்து வைத்தான்.

"வயரு இன்னும் மாட்டல. சும்மா தலைல வச்சு, பிடிப்பு எப்படி, சூடு எப்படின்னு பாருங்க. சத்தம் அப்பறம் பாத்துக்கலாம். நாள் முழுக்க மாட்டுறவுகளுக்குக் காது நோகாம இருக்கணும், அதான் முக்கியம்."

முதலாவது இலேசானது. காதின் மேலேயே உட்கார்ந்தது. சந்தில் போகும் ஆட்டோவின் ஹாரன், கிறிஸ்டோபரின் பேச்சு, எல்லாம் கேட்டன.

இரண்டாவது காதைச் சுற்றி அணைத்தது. துணி உறை. சந்து கொஞ்சம் தள்ளிப்போனது. அந்தத் தள்ளிப்போன சத்தத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. தூரத்தில் இலை உரசுவதுபோல்.

மூன்றாவதன் மெத்தை ரெக்சின். காதைச் சுற்றிப் பொத்தென்று படிந்து கவ்வியது. ஆட்டோ நின்றது. விசிறி நின்றது. கிறிஸ்டோபரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

கந்தக நெடி அடித்தது.

மருந்துக் குழாயின் நுனியிலிருந்து சொட்டுவதுபோல் ஒரு சொட்டுச் சத்தம்.

ஏத்தா ஹேமா.

வயர் மேசைமேல் சுருண்டு கிடந்தது. எதிலும் மாட்டியிருக்கவில்லை.

ஏத்தா... ஹேமா.

பிறகு சத்தமில்லை. ஆனால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பதிலுக்கு.

பிடுங்கி எடுத்தாள்.

"நெருக்குதாக்கா?" என்றான் கிறிஸ்டோபர். "புதுசுல அப்படித்தான். உங்க மூக்குக்கண்ணாடி கம்பி இடையில போறதால லேசா சந்து விழும். கண்ணாடியக் கழட்டிட்டுப் போட்டா இன்னும் சுத்தமா அடைக்கும்."

"இது... வேணாம். முதல்ல காட்டுனதே போதும்."

"அதுல வெளிச் சத்தம் வருமேக்கா. அதுக்கு உங்க பழசே தேவலையே."

தங்கப்பாண்டி திரும்பினான். "எதுல ஒண்ணுமே கேக்கல பாப்பா?"

வெறும் கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு கிணறு இருந்தது. காதில் மாட்டினால் எதுவும் கேட்காது என்று சொன்னவள், கேட்கிற ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியுமா? முதலாவதைச் சொன்னால், கேட்பதுதான் உனக்குப் பழக்கமா என்று அவன் ஒருநாள் நினைக்கமாட்டானா?

"மூணாவதுல," என்றாள்.

"அதையே போடுப்பா," என்றான் அண்ணன்.

*

சின்னமனூரில் டீ குடிக்க நின்றார்கள். காற்று டம்ளருக்குள் மண்ணைப் போட்டது. தங்கப்பாண்டி டீயைப் பார்த்தபடியே கேட்டான்.

"அன்னைக்கி என்னா ஓடிக்கிட்டிருந்துச்சு ஒங்காதுல?"

"ஒரு பொம்பள பேச்சு. மிளகா நாத்து பத்தி."

"ம்." டம்ளரைச் சுழற்றினான். "அவ கூப்பிட்டாளான்னு தெரிஞ்சாக்கூடப் போதும் எனக்கு. கூப்பிடக்கூட முடியாம விழுந்தாளோன்னுதான் மனசு கெடந்து அடிக்கிது. கூப்பிட்டிருந்தான்னா... யாராச்சும் வருவாகன்னு நெனச்சுக்கிட்டாவது போயிருப்பால்ல."

ஹேமாவதி வாயைத் திறந்தாள். சொல் நாக்கு நுனிவரை வந்தது. அங்கே நின்றது. அண்ணனின் வீட்டைத் தவிர அவளுக்கு வேறு வீடில்லை. அண்ணனின் முகத்தைத் தவிர அவளை நம்புகிற வேறு முகமும் இல்லை.

"டீ ஆறுதுண்ணே," என்றாள்.

*

புதிய ஹெட்போனில் வேலை ஒழுங்காக நடந்தது. காற்றின் இரைச்சல் சுத்தமாக நின்றுபோனது. கண்ணாடியைக் கழற்றாமல் மாட்டிக்கொள்வாள். அந்த மெல்லிய சந்து வழியாக வீட்டின் சத்தம் ஒரு நூலளவு உள்ளே வந்துகொண்டிருக்கும்வரை அந்தக் குரல் வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறும்போது மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பாத்திரத்தை உருட்டுவாள். கழுவியதையே கழுவுவாள்.

ஒருநாள் ஹெட்போனைத் துடைக்க எடுத்தபோது, மெத்தையின் உட்பக்கத்தில், காது படுகிற இடத்தில், நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது. விரல் ரேகை. ஈரத்துணியால் தேய்த்தாள். போனது. மறுநாள் அதே இடத்தில் இருந்தது. பந்தலுக்கு மயில்துத்தம் அடித்து மாதங்கள் ஆகிவிட்டன. தங்கப்பாண்டி அதன்பிறகு வாளியைக்கூட வெளியே எடுக்கவில்லை.

துடைத்தாள். தினமும் துடைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது அவளுக்குக் கைவந்துவிட்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவசர வேலை. முடித்துக் கொடுக்காமல் எழுந்திருக்க வழியில்லை. தட்டிக்கொண்டே இருந்ததில் வெயில் ஏறியது தெரியவில்லை. நெற்றி வேர்வை கண்ணாடியில் இறங்கி எழுத்து மங்கியது. யோசிக்காமல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

மெத்தை கன்னத்தோடு பொத்தென்று படிந்தது.

திரையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. காதில் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே பந்தல் அசையாமல் நின்றது. ஆனி மாதக் காற்று, ஒரு இலையை விடாமல் உலுக்கும் காற்று, நின்றுபோயிருந்தது. கொடிகளுக்கு அடியில் நிழல் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது.

சொட்டு. சொட்டு.

கந்தகமும் பழுத்த திராட்சையும் கலந்த நெடி.

ஏத்தா ஹேமா.

கழற்றக் கையை உயர்த்தினாள். உயர்த்திய கைக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் வேறு ஏதோ இருந்தது. குளிர்ந்திருந்தது. வெளியிலிருந்து இரண்டு உள்ளங்கைகள் அவள் காதுகளை இதமாகப் பொத்தியிருந்தன. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு, "ஆட்டாத, காதுக்குள்ள போயிரும்" என்று மதினி பொத்துவாளே, அப்படி.

ஏத்தா... ஹேமா.

இழுவை அதேதான். மாசியில் கேட்ட அதே இழுவை. இரண்டோடு நின்றுவிடும், நின்றுவிட வேண்டும், அதற்குமேல் அதற்கு வராது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

காத்திருந்தாள்.

மாசியிலும் இப்படித்தான் காத்திருந்தாள்.

ஏத்தா... ஹேமாஆ.

மூன்றாவது.

அதில் சிரிப்பு இல்லை. இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கூப்பிட்ட குரல். அன்றைக்கு வராமல்போன, வந்திருந்தால் ஓடியிருப்பேன் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மூன்றாவது, பந்தலைக் கடந்து இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

கண்ணைத் திறந்தாள்.

வாசற்படியில் தங்கப்பாண்டி நின்றான். தோளில் துண்டு. கையில் சாப்பாட்டுத் தூக்கு. முகம் பந்தல் பக்கமாகத் திரும்பி அப்படியே உறைந்திருந்தது. தூக்கு கையிலிருந்து நழுவி உருண்டது. அவளுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை.

ஆனால் அவன் பேசியது கேட்டது. அத்தனை இறுக்கமாக அடைத்த மெத்தைக்குள்ளும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அவ குரலு," என்றான். "பாப்பா... அவதான். மூணு தடவ கூப்பிட்டா. மூணாவது மனுசக் குரல்தான்னு அவளே சொல்லுவால்ல?"

அறைக்குள் வந்தான். வந்தவனின் பார்வை அவள் தலைமேல் நிலைத்தது. கறுப்புக் கிண்ணங்கள் இரண்டின்மேலும், விரித்த கை விரித்தபடி, நீலத் தடங்கள் பதிந்திருந்தன. இன்னும் ஈரம் காயவில்லை. ஒரு துளி வழிந்து அவள் தோளில் விழுந்தது.

தங்கப்பாண்டி தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். பெரிய உடம்பு, சின்னப் பிள்ளையைப்போல் குலுங்கியது.

"ஒன்னையத்தான் கூப்பிடுறா. எத்தன நாளா நிக்கிறாளோ. என்ன மதினின்னு ஒரு குரல் குடு. ஒரே ஒரு தடவ. அவ போயிருவா, எனக்கும் நெஞ்சு ஆறும். குடு பாப்பா."

காதுகளின்மேல் இருந்த கைகள் அழுத்தவில்லை. காத்திருந்தன.

ஒரே ஒரு சொல். கொடுத்தால், இப்போது கேட்டது என்று ஆகும். இப்போது, இத்தனை அடைப்புக்குள்ளும் கேட்டது என்றால், அன்றைக்கு வலைத் துளை வழியாக எத்தனை தெளிவாகக் கேட்டிருக்கும் என்று அண்ணன் கேட்பான். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள், டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்பான்.

ஹேமாவதி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. பந்தலைப் பார்க்கவில்லை. விரல்களை மறுபடி விசைப்பலகையின்மேல் வைத்தாள். திரையைப் பார்த்தபடியே இல்லையென்று தலையை மெல்ல ஆட்டினாள்.

"காதுல மாட்டியிருக்கேண்ணே," என்றாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல."